பங்காளி வீட்டுப் புகை

“…அப்படின்னா புல்லு எரிஞ்ச புகையைக் கழிச்சுக்கணும், அடுப்புப் புகையைக் கூட்டிக்கணும். சரிப்பா, புரிஞ்சுது. இந்தக் கழித்தல் கணக்கை என் நெஞ்சுக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறது?”

மொட்டை மாடியில் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து இப்படிக் கேட்டவர் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா. சந்து முழுக்க அவரை மாஷிமா என்றுதான் கூப்பிடும். அம்மாவின் கூடப் பிறந்தவள் என்று பொருள். வயதான எந்தப் பெண்ணையும் அங்கே அப்படி உறவாக்கிக்கொள்ளலாம். அவர் கேட்டது வங்காளத்தில். நான் தமிழில் தருவதால் காரம் கொஞ்சம் குறைந்திருக்கும். கேள்வி போனது, காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அளக்கிற அரசு அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளைஞரிடம். இரண்டு பேருக்கும் நடுவில், துளசித் தொட்டியோரமாக, பனையோலை விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கீழே வாசலில் என் கரி அடுப்பு. அது அங்கேயே இருக்குமா, சந்திலிருந்தே போய்விடுமா என்பது அன்றைக்கு மாஷிமாவின் வாயில் இருந்தது.

அடுப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் இது விளங்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கல்கத்தா இன்னும் கொல்கத்தா ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூரில், துறைமுகத்தில் உத்தியோகம். குடித்தனம் ஜாதவ்பூரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வேலை ஒரு மூலை, வீடு ஒரு மூலையா என்று கேட்டால், “ஆபீஸ் பஸ் போற இடத்துல இருந்தா போதும், வீடு தண்ணி வாற இடத்துல இருக்கணும்” என்பார். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தண்ணீர் விஷயத்தில் ஏமாற மாட்டோம்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நான் ஒரு சின்ன மெஸ் நடத்தினேன். காலையில் இட்லி, தோசை. மத்தியானம் சாம்பார் சாதம், ஒரு பொரியல். சாப்பிட வந்ததில் பாதி, படிக்க வந்திருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள். மீதிப் பாதி வங்காளிகள். அவர்கள் சாம்பாரைப் பருப்பு என்று நினைத்துத் தனியாகக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு, தோசையைக் கடைசியில் வெறுமனே தின்பார்கள். யார் எப்படிச் சாப்பிட்டால் என்ன, இலை காலியானால் சரி.

அடுப்பு அந்த ஊர் அடுப்பு. இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பி வைத்து, கீழே காற்றுக்கு ஒரு வாய் விட்டிருப்பார்கள். வறட்டியையும் சிராயையும் கொளுத்தி மேலே நிலக்கரியைக் கொட்டினால் முதலில் ஒரு புகை கிளம்பும். பெண் அழைப்புக்கு வந்த கூட்டம் போல, எங்கே நுழைவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் நுழையும். அதனால் வீட்டுக்காரர்கள் வாளியைக் கைப்பிடியோடு தூக்கித் தெருவில் வைத்துவிடுவார்கள். புகை ஓய்ந்து, கரி சிவந்த பிறகு உள்ளே கொண்டுபோவார்கள். குளிர்கால மாலையில் சந்துக்குச் சந்து வாளிகள் வரிசையாக நின்று புகையும்; ஊரைக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடுகிறார்களோ என்று தோன்றும்.

என் அடுப்பு தோசைக்கல் தாங்குகிற பெரிய அடுப்பு. தூக்கித் தெருவில் வைக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் வாசற்படியை ஒட்டியே பற்ற வைப்பேன். வாசற்படியை ஒட்டி மாடிப்படி. மாடிப்படி ஏறினால் மாஷிமா. புகைக்கு மேலே போகச் சொல்லித் தர வேண்டுமா?

மாஷிமாவுக்கு இழுப்பு உண்டு. குளிர் வந்துவிட்டால் அவர் நெஞ்சுக்குள் யாரோ ஆர்மோனியத்துக்குக் காற்றடிப்பது படியில் நின்றாலே கேட்கும். நாங்கள் குடிவந்த புதிதில், ரத யாத்திரைச் சந்தையிலிருந்து சிவப்புத் துணியில் விளிம்பு தைத்த பெரிய விசிறி ஒன்று வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். வேகமாக விசிறினால் வேகமாகக் கரி பிடிக்கும், புகையும் சீக்கிரம் ஒழியும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து கீழே நான் பட்பட்டென்று விசிற ஆரம்பித்ததும், மேலே படபடவென்று ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்கும். தாளத்துக்குத் தாளம். என் வீட்டுக்காரர், “மாமியார் இல்லாத குறை தீந்துச்சு ஒனக்கு” என்பார்.

என் வீட்டுக்காரர் கேஸுக்கு எழுதிப் போட்டிருந்தார். அதுவும் வருகிற மாதிரி வந்து நடுவழியில் நின்றுவிட்டது. நானும் போய் யாரையும் விரட்டவில்லை. கேஸில் தோசை முறுகாது, கரித்தணலில்தான் ஓரம் சிவக்கும் என்பது என் கட்சி. மாஷிமா காதுக்கு அது போயிற்று. “ஒன் தோசைக்கு ஓரம் சிவக்கணும், எனக்கு மூச்சு வரணும். ரெண்டுல எது ருசின்னு நீயே சொல்லு, பௌமா” என்றார். பௌமா என்றால் மருமகள். அவர் என்னைத் திட்டுவதும் அந்த வார்த்தையில்தான், கொஞ்சுவதும் அந்த வார்த்தையில்தான்.

மாஷிமா பள்ளிக்கூடத்தில் வங்காளம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் வங்காளத்தை இலக்கணத்தில் படிக்கவில்லை, அவருடைய பழமொழிகளில் படித்தேன். சந்தில் யார் வீட்டுத் துணி கருத்தாலும், யாருக்குத் தும்மல் வந்தாலும் என் அடுப்பின் தலையில் விழும். ‘ஜோதோ தோஷ், நந்தோ கோஷ்’ என்பார்கள்; எந்தக் குற்றம் நடந்தாலும் அது நந்த கோஷ் என்ற பாவப்பட்ட மனிதன் செய்ததுதானாம். நம் ஊரில் அந்த நந்த கோஷ்தான் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஊருக்கு ஊர் இளைத்தவனுக்குப் பேர் மாறுகிறதே தவிர ஆள் ஒருவன்தான்.

இப்படி யார் எது சொன்னாலும் நான், “என் அடுப்பு இல்லை மாஷிமா” என்று ஆரம்பிப்பேன். அவர் தலையை ஆட்டி, ‘தூமி தோ தோவா துல்ஷி பாத்தா’ என்பார். தூமி என்றால் நீ. துல்ஷி பாத்தா என்றால் துளசி இலை. நடுவில் வருகிற ‘தோவா’ எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. அந்தச் சந்தில் தினமும் காதில் விழுகிற வார்த்தை அதுதான். புகை. ஆக, மாடியில் இருக்கிற தன் துளசிச் செடி என்னால் புகை பிடித்துக் கருக்கிறது, அதைத்தான் படித்த மனுஷி நாசூக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

துளசி விஷயமாயிற்றே, சும்மா விட மனசு வருமா. காலைப் பந்தி முடிந்ததும் ஈரத்துணியோடு மாடிக்குப் போவேன். ஒவ்வொரு இலையாகப் பிடித்துத் துடைப்பேன், ஒரு செம்புத் தண்ணீரும் தெளிப்பேன். துணியில் கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். மாஷிமா மோடாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்து ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பார். பெரிய இடத்து நன்றி இப்படித்தான் இருக்கும்போல என்று நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டு இறங்குவேன். வருஷக் கணக்கில் இது நடந்தது.

அப்புறம்தான் அந்த இளைஞர் வந்தார், ஒரு குளிர்காலத்தின் கடைசியில். கூடவே ஒரு தகரப் பெட்டி. அதற்கு முக்கோணமாக ஒரு கூரையும் இருந்தது. புறாக்கூண்டு என்று நினைத்தேன். அதை மாடியில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். என்ன செய்யும் என்று மாஷிமா கேட்க, காற்றை இழுத்து அழுக்கை அளக்கும் என்றார் அவர். மாஷிமா முகத்தில் பூஜைக்குப் புதுப்புடவை வாங்கிக் கொடுத்த மாதிரி ஒரு களை. துளசிக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினார். தொட்டியைக்கூட அவரே கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அந்த இளைஞர் நல்ல பிள்ளை. இட்லி கொடுத்தால் கூச்சப்படாமல் தின்பார். தின்றுகொண்டே விளக்கினார். பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் தாள். நாள் முழுக்க அது வழியாகக் காற்று இழுபடும். போடும்போது தாளை நிறுத்துப் போடுவார்கள், எடுத்த பிறகு மறுபடியும் நிறுப்பார்கள். கூடின கனம் அழுக்கு. இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. கரி அடுப்புகள் ஒருநாள் இந்த ஊரை விட்டுப் போகத்தான் போகின்றன, எந்தச் சந்தில் முதலில் என்பதுதான் பாக்கி. பல நாள் தாள்களைச் சேர்த்துப் பார்த்து, அளவு தாண்டின சந்துகளில் இருக்கிற கடை அடுப்புகளை உடனே எடுக்கச் சொல்வார்கள்.

உடனே என்றால் எனக்கு மெஸ்ஸை மூட வேண்டியதுதான். கேஸ் வரும்வரை பூட்டி வைத்தால் பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். வாடிக்கையும் காக்கையும் ஒன்று. சோறு வைக்காத வீட்டுக் கைப்பிடிச் சுவரில் இரண்டாம் நாள் உட்காராது.

அதனால் பெட்டியிடம் மரியாதையாக நடந்துகொண்டேன். நல்ல கரியாக வாங்கினேன். கை ஓய விசிறினேன். துளசியைத் துடைக்கப் போகிறபோது அதன் பக்கம் மூச்சு விடக்கூட யோசித்தேன். “அந்தப் பொட்டிக்கும் ஒரு தோச ஊத்திக் குடு, வாய மூடிக்கிடும்” என்றார் வீட்டுக்காரர்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கிழக்கே தீப்பிடிக்கும் வரைக்கும்.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் பொட்டல். நவராத்திரிப் பூஜைக் காலத்தில் அங்கே காஷ் என்கிற நாணல் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். மாசிக்குள் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். அந்த வருஷம் அது பற்றிக்கொண்டது. பீடி என்றார்கள் சிலர். மனை போட வந்தவர்கள் கொளுத்தினார்கள் என்றார்கள் சிலர். நடுவில் சேறும் குட்டையுமாக இருந்ததால் தீயணைப்பு வண்டியால் ஓரத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. ஒரு பக்கம் அணைந்தால் மறு பக்கம் கனன்றது. காற்றும் அந்த வாரம் பார்த்துக் கிழக்கேயிருந்து வீசியது. பகலில் விளக்குப் போட்டுச் சோறு பரிமாறினேன். எதிர்வீட்டுக்காரர் இருமுவதை வைத்துத்தான் எதிர்வீடு இருக்கிறது என்று தெரிந்தது. வானத்திலிருந்து புல் சாம்பல் இறங்கிற்று. நீளநீளமாக, நரைத்த முடி மாதிரி. புல்லின் உருவம் அப்படியே இருக்கும், தொட்டால் மாவாகிவிடும்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். என் அடுப்பை விடப் பெரிய நந்த கோஷ் ஒருவன் வந்துவிட்டானே. அதற்குப் பிறகுதான் மாடியில் பெட்டி தன்பாட்டுக்கு அந்தக் காற்றை எல்லாம் இழுத்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. மாஷிமாவோ படுக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மிளகும் சுக்கும் போட்டுக் கஷாயம் கொண்டு கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, “இது மருந்தா, தண்டனையா?” என்றார். பேச்சு வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், கவலைப்படாமல் இறங்கினேன்.

தீ அடங்கி, வானம் வெளுத்த பிறகு ஒரு காலையில் இளைஞர் வந்தார். இட்லி வேண்டாம் என்றார். தாள்கள் தோசைக்கல் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டனவாம். சேர்த்துப் பார்த்தால் எங்கள் சந்து அளவைத் தாண்டிவிட்டது. அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தவள் விசிறியோடேயே அவர் பின்னால் மாடிக்கு ஓடினேன். மாஷிமா வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

அங்கே அந்த இளைஞர் ஒரு வழி சொன்னார். பெரிய பெரிய காடுகள் இருக்கிற தேசங்களில் காடு பற்றிக்கொண்டு புகை ஊருக்குள் வந்தால், அந்த நாட்களை மட்டும் கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்க இடம் உண்டாம். ஆனால் சும்மா ஒதுக்க மாட்டார்கள். தீ அந்த ஊர்க்காரர் கையை மீறியது என்று காட்ட வேண்டும். அந்தப் புகைதான் இங்கே வந்தது, வேறு புகை இல்லை என்றும் காட்ட வேண்டும். இங்கே அப்படிக் கறாராக எழுதி வைத்திருக்கிறதா என்று தனக்குத் தெரியாது, ஆனால் தகுந்த காரணம் சொன்னால் மேலதிகாரி கேட்பார் என்றார்.

எனக்குச் சட்டம் தெரியாது, தீட்டுத் தெரியும். எங்கேயோ பம்பாயில் முகம் பார்க்காத பங்காளி ஒருவன் கண்ணை மூடினால் இங்கே நமக்குத் தீட்டு. கோலம் கிடையாது, கோயில் கிடையாது. இவர் சொல்வது அதைத் தலைகீழாகப் புரட்டின சட்டமாக இருந்தது. பங்காளி வீட்டுப் புகை நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாலும் நமக்கு ஒட்டாது. இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் எத்தனை கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்துவிட்டோம்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த நாட்களில் என் அடுப்பும்தான் எரிந்தது. தாளில் ஏறினது எந்தப் புகை? அடுப்புக்காரி சொல் எடுபடாது. பெட்டி இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் சொன்னால் காரணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் மாஷிமா பக்கம் திரும்பினார். அடுப்பைத் தொலைக்க மாஷிமாவுக்கு ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வரம் வீடு தேடி வந்து நிற்கிறது.

நான் முந்திக்கொண்டேன். துளசியைக் காட்டி, என் வங்காளத்தில், அந்த இளைஞரை அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிட்டுச் சொன்னேன்: “பாருங்க தாதா, இது தோவா துளசி இலை இல்ல. ஏன்னா தினமும் நானே கழுவுதேன். மாஷிமா எப்பவும் என்னைத் ‘தோவா துல்ஷி பாத்தா’ன்னு சொல்லுதாங்க, அதுக்காகத்தான் கழுவுதேன்.”

இளைஞருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாஷிமா என்னையே பார்த்தார். “அப்ப நீ இத்தன வருஷமா எனக்குப் பதிலடி குடுக்கலியா?”

நான் விழித்தேன். பிறகுதான் அவர் சொல்லிக் கொடுத்தார். ‘தோவா’ என்று வாயோடு சொன்னால் கழுவினது. அதையே மூக்கைச் சேர்த்துச் சொன்னால்தான் புகை. கழுவின துளசி இலை என்றால் பழி பாவம் அறியாதவள். ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று நாம் சொல்கிறோமே, அது. அவர் என்னைக் குத்திக் காட்டியிருக்கிறார். நானோ மறுநாளே மாடியேறி அவர் கண் முன்னால் துளசி இலையைக் கழுவியிருக்கிறேன். ஆமாம், நான் அப்படித்தான், பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அந்த உதட்டுச் சுழிப்பு நன்றி இல்லையாம். இந்த மதராஸிக்காரிக்கு இருக்கிற திமிரைப் பார் என்று வருஷக் கணக்கில் மெச்சிக்கொண்டிருந்தாராம்.

மாஷிமா சிரித்த சிரிப்பில் இழுப்பே வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் இளைஞரிடம் திரும்பினார்.

“கேட்டுக்கோ பாபா. இவ துடைக்கிற துணியை நான் தினம் பாக்கிறேன். இவ அடுப்புப் புகை கருப்பா, பிசுபிசுன்னு வரும். அந்த வாரம் துணியில வந்தது சாம்பல், ஊதினா பறக்கிற சாம்பல். அது இவளோடது இல்ல. புல்லோடது. எனக்கு இவ அடுப்பு பிடிக்காது, அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.”

அந்த இளைஞரும், காற்று கிழக்கேயிருந்து வீசியதும் இதோடு ஒத்துப்போகிறது என்றார். புல் எரிந்த நாட்களைக் கழித்துவிட்டு, அடுப்பு மட்டும் எரிந்த நாட்களைக் கூட்டினால் எங்கள் சந்து அளவுக்குள்ளே வந்துவிடும், மேலே ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றார். என் பல் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மாஷிமா அந்தக் கழித்தல் கணக்குக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, பதில் வராது என்று தெரிந்துகொண்டே கேட்டார். இளைஞர் பெட்டியின் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் துளசியைப் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் துடைக்கவில்லை.

மாஷிமா என் தோளைப் பிடித்து எழுந்தார். என் கையிலிருந்த விசிறியை வாங்கி, அதன் சிவப்பு விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கித் தன் வீட்டுக்குள் போய், நான் விசிறினால் சாத்துகிற ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட ஆரம்பித்தார்.